பச்சை மலைக்கு அடியில் இருப்பது: போரும் மண்ணும் மலையகக் கலைஞர்களும்

பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “போர், இயற்கை, சமூகக் கொந்தளிப்பு ஆகியவற்றுக்கு இன்றைய கலைஞர்கள் எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்று ஒப்படை எழுத வேண்டும். தேடினால் யாழ்ப்பாணத்து, கொழும்புக் கலைஞர்கள்தான் வருகிறார்கள். மலையகத்தில் போர் நடக்கவில்லையே, இங்கே அப்படி ஏதும் இருக்கிறதா? நானே ஏதாவது செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது?”

இருக்கிறது. ஆனால் அதற்குள் போகும் முன் உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரியோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். மலையகத்தில் போர் நடக்கவில்லை என்று நம் வீடுகளிலேயே சொல்வார்கள். முன்னரங்கு இங்கே இருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1977, 1981, 1983 வன்செயல்களில் எரிந்த லயங்களும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கடைகளும் இங்கேதான் இருந்தன. அடி தாங்காமல் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். 2009இல் வன்னியில் கடைசிவரை சிக்கிக்கொண்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். இங்கேயே தங்கிய இளைஞர்களையும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தேடி வந்தது. 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் ஒரு காலைப் பொழுதில் கும்பலால் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 2018 மார்ச்சில், திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. இதையெல்லாம் போருக்கு வெளியே வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

சரி, இயற்கை. இதில்தான் நம் ஊர் மற்ற ஊர்களிலிருந்து ரொம்பவே வேறுபடுகிறது. நீங்கள் தினமும் பார்க்கும் பச்சை மலை இயற்கையாக வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பிறகு கோப்பி இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மலையைச் செய்தது நம் ஆட்களின் கை. அப்புறம் நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் இடிபாடு இன்னும் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு சென் கிளயர் அருவி பழைய அருவி இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நினைத்துப் பாருங்கள். அது இயற்கை அனர்த்தமா, சமூக அநீதியா? இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. மக்களுக்குப் போவதற்குக் காணி இருக்கவில்லை. மழை இயற்கை, அந்தச் சரிவில் அந்தக் குடும்பங்கள் இருந்தது இயற்கையல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை மலையாகச் சரிந்தபோதும் இதே கேள்விதான் வந்தது. ஆகவே ஒப்படைத் தலைப்பில் போர், இயற்கை, கொந்தளிப்பு என்று மூன்று பெட்டி இருந்தாலும், மலையகத்தைப் பற்றி எழுதும்போது மூன்றையும் பிரித்து வைக்காதீர்கள். இங்கே மூன்றுக்கும் வேர் ஒன்று: நிலம் யாருடையது, அதில் உழைத்தவருக்கு அங்கே என்ன இடம் என்பது.

இது ஏன் கலைக்கு முக்கியம் என்றால், மலையகத்தைப் பற்றிய படங்கள் நாம் வரையத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே வரையப்பட்டுவிட்டன. புகைப்பட வரலாற்றில் பெரிய பெயரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர்களும் அறிஞர்களும் பெயரோடு இருக்கிறார்கள். இலங்கையில் எடுத்த தொழிலாளர் படங்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, ‘குடியானவர்கள்’ போன்ற தலைப்புத்தான். படங்கள் அழகானவை, அதில் சந்தேகமில்லை. பிறகு போஸ்ட்கார்டுகள் வந்தன. 1926க்கும் 1933க்கும் இடையில் பிரிட்டிஷ் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை வெளியிட்ட சுவரொட்டிகள் வந்தன. இன்று தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடையோடு சிரிக்கும் பெண் அதே படத்தின் பேத்தி.

கண்டியில் 1901இல் பிறந்த ஜோர்ஜ் கீற்றைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ‘43 குழு’ என்ற நவீன ஓவியர் அணியின் பெரிய ஓவியர், பொரளை கோதமி விகாரைச் சுவரோவியங்களுக்காகவே அவரை மதிக்கலாம். ஆனால் அவர் உலகம் புத்தர் சரிதமும் கிராமத்துப் பெண்களும் கீதகோவிந்தமும். கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்களின் வாழ்க்கையை அறிய அவரிடம் போக முடியாது.

அதனால் லயத்திலோ தோட்டத்துப் பக்கமோ பிறந்த ஒருவர் தூரிகையை எடுத்தவுடன் மாட்டிக்கொள்ளும் முதல் சிக்கல் இது: மலையை வரைந்தால் அது போஸ்ட்கார்டு ஆகிவிடுகிறது. கொழுந்து பறிக்கும் அம்மாவை எவ்வளவு உண்மையாக வரைந்தாலும், பார்ப்பவர் கண்ணில் ஏற்கனவே இருக்கும் படம் அதை விழுங்கிவிடுகிறது. இன்றைய மலையகக் கலைஞர்களில் முக்கியமானவர்கள் காட்சியை விட்டுவிட்டுப் பொருளைக் கையில் எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஒப்படைக்கு ஒரே ஒரு கருத்து வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவர் ஹனுஷா சோமசுந்தரம். 1988இல் ஹட்டனில் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். தேநீர் வடிகட்டி, தேயிலைப் பை, தேயிலைச் சாயம், இவைதான் அவர் கருவிகள். தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கை அவர் படைப்புகளின் நடுவில் இருக்கிறது, ஆனால் கூடை சுமந்த பெண்ணின் அழகான காட்சியாக அல்ல.

வடிகட்டியைக் கொஞ்சம் யோசியுங்கள். கொழுந்து மலையில் நிறுக்கப்படுகிறது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வாடுகிறது, அரைபடுகிறது, சல்லடையில் தரம் பிரிகிறது. நல்லது கப்பலேறுகிறது, கடைசித் தூள் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. மனிதர்களையும் அப்படித்தான் பிரித்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய மொத்தப் பேரையும் வெளியே நிறுத்தியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இந்த வரலாறு தெரிந்த ஒருவர் சுவரில் ஒரு தேநீர் வடிகட்டியைப் பார்த்தால், அது வெறும் சமையலறைச் சாமானாக இருக்க முடியாது. கலைஞர் இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை, என் வாசிப்பு இது. ஆனால் பொருளுக்குள் இவ்வளவும் இருக்கிறது. படத்துக்குள் இதைக் கொண்டுவர எத்தனை உருவம் வரைய வேண்டியிருக்கும்!

தேயிலைச் சாயமும் அப்படித்தான். கறை என்பது தொட்டதற்கான சான்று. கொழுந்து பறித்தவர்களின் விரல் நுனியில் அந்தக் கறுப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சாயம் காகிதத்தில் ஏறும்போது, வரைந்த கோடு சொல்ல முடியாத ஒரு நேரடித்தனம் வருகிறது.

அடுத்து, மலையகத்தவர் அல்லாத ஒருவரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காரணத்தோடு. தாமோதரம்பிள்ளை சனாதனன் யாழ்ப்பாணத்துக்காரர், அந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைச் செய்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. போரில் வீடிழந்தவர்களிடம் போய், இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்த தடுமாறும் கோடுகள் ஒரு பக்கம். அதே வீட்டைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படம் இன்னொரு பக்கம். கூடவே அவர்கள் சொன்னதும், சனாதனனின் சித்திரமும். பிணம் இல்லை, துவக்கு இல்லை. கிணறு எங்கே இருந்தது, சாமியறை எந்தப் பக்கம் என்பதுதான் இருக்கிறது. ஆனால் போரைப் பற்றி இலங்கையில் செய்யப்பட்ட படைப்புகளில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

இப்போது இதே முறையை உங்கள் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, பிறந்த காம்பராவை (லயத்து அறையை) வரையச் சொல்லுங்கள். சுமார் 10 அடிக்கு 12 அடியில் ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), ஒரு மூலையில் அடுப்பு. படம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகுதான் தொடங்கும்: இங்கே தாத்தா படுப்பார், இங்கே பெரியம்மா குடும்பத்துக்குச் சேலை கட்டி மறைப்பு, மழை ஒழுகும் இடத்தில் சட்டி. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி வைத்திருந்தவர்கள் வீட்டை இழந்தார்கள். நம் ஆட்கள் பல தலைமுறை வாழ்ந்த அறைக்கு ஒருநாளும் உறுதி இருந்ததில்லை. 7 பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சே அண்மைக் காலத்தில்தான் வந்தது. முறை ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் பதில் வேறாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் அதுவே நல்ல ஒப்படை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேமா சிரோனி 1991இல் கண்டியில் பிறந்தவர். போரின் இடப்பெயர்வுகளை அறிந்த குடும்பம். நூலும் ஊசியும் துணியும் கொண்டு வீட்டையும் இடம்பெயர்வையும் தைக்கிறார். நேரம் எடுத்துப் பாருங்கள், அவசரமாகப் பார்த்தால் வெறும் அலங்காரத் தையல் போலத் தெரிந்துவிடும். ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளையும் கைவிடப்பட்ட இடங்களையும் நுணுக்கமான கோட்டோவியங்களாகச் செய்கிறார். கொழும்பில் சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிகளில் இராணுவ நிறம் பூசி வைத்த பீப்பாய்களைப் பார்த்து 1997இல் ‘பீப்பாயிசம்’ என்று ஒரு முறையையே தொடங்கினார். 1983 ஜூலையை நினைவுபடுத்தி ஒவ்வொரு ஜூலையும் கண்காட்சி வைத்து வருகிறார். ஒரு சிங்களக் கலைஞர் வருடா வருடம் இதைச் செய்வது சின்ன விஷயமல்ல. ஜகத் வீரசிங்க 1990களின் தொடக்கத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் நடந்த கொலைகளையும் வடக்கின் போரையும் ஒரே பதற்றமாக வரைந்தார். பிறகு வந்த தலைமுறைக்கு அது கதவைத் திறந்தது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கண்காட்சிக் கூடத்துக்கு வந்தது மட்டும்தான் கலை என்று எடுத்துக்கொண்டால் மலையகம் வெறுமையாகத் தெரியும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்தில் போய் நில்லுங்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து காமன் எரியும் இரவு வரை முழுத் தோட்டமும் அரங்கமாகிவிடும். தப்புச் சத்தம், ரதியின் புலம்பல், வீரபத்திரன் வரவு. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களமும் லயத்து முற்றமும் அன்றைக்கு மட்டும் தோட்டத் தொரைக்குச் சொந்தமில்லை. பிரிவும் சாவும் நிறைந்த வாழ்க்கைக்குச் சனம் தாங்களே செய்துகொண்ட பெரிய வடிவம் அது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படித்தான். 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். தோட்டங்களுக்கு நடந்து வந்தபோது முன்னோர் செத்து விழுந்த பாதையை உடம்பால் திரும்ப நடப்பது போராட்டம், நினைவஞ்சலி, நிகழ்த்துகலை மூன்றுமேதான். ஒப்படையைத் திருத்துபவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள்.

எங்கே பார்ப்பது? கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் இருக்கும், போக முடிந்தால் போங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கயில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். 2007இல் பழைய லயக் காம்பராக்களிலேயே அமைத்தது. அங்கே உள்ள சாமான்களைப் பார்த்தால், ஹனுஷா போன்றவர்கள் ஏன் பொருளிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது நான் எழுதியதைவிடத் தெளிவாகப் புரியும்.

இனி நீங்கள் செய்வது. வீட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறப்பதிலிருந்து தொடங்கலாம். பழைய துண்டுச் சீட்டு, பாஸ்போட், சம்பளச் சீட்டு, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், ஏதாவது இருக்கும். அசலில் கை வைக்காதீர்கள், பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் தெரிகிறதென்றால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு மட்டும் காட்டுங்கள். மண்சரிவில் ஆளை இழந்த வீட்டுக்குக் கமராவோடு போக வேண்டாம். அவர்களே பேச விரும்பினால் முதல்நாள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்திருங்கள்.

சாயத்துக்குத் தூளை நன்றாகக் கொதிக்கவைத்து வற்றவிடுங்கள், பால் சீனி படக்கூடாது. ஒருமுறை பூசிக் காயவிட்டு மறுபடி பூசினால் நிறம் ஆழமாகும். இன்னொன்றும் செய்து பார்க்கலாம்: தேயிலைச் சாயத்தில் தோய்த்த துணியை ஈரத்தோடு துருப்பிடித்த கூரைத் தகரத்தில் விரித்து, மேலே கல் வைத்து ஒரு இரவு விடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமையாகும். பழைய காலத்து மையும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்துதான் உண்டானது. லயத்துக் கூரையே உங்களுக்குக் கோடு போட்டுத் தரும், அதன் நெளிவு அப்படியே துணியில் இறங்கும். மீரியபெத்தையைப் பற்றியோ உங்கள் பாட்டியின் காம்பராவைப் பற்றியோ செய்ய நினைத்தால், அந்தத் துணியே தொடக்கமாக இருக்கட்டும். அதன் மேல் என்ன தைப்பது, எழுதுவது என்பதைத் துணி காய்ந்த பிறகு முடிவு செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கை. தேயிலைச் சாயம் வெளிச்சத்தில் மங்கும், அதனால் வெயில் நேரே விழும் சுவரில் தொங்கவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதத்தில் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு, இடையில் சுத்தமான தாள் வைத்து, அடுப்புப் புகை படாத இடத்தில் தட்டையாக அடுக்குங்கள். பின்பக்கத்தில் திகதி, தோட்டம், டிவிஷன், கதை சொன்னவரின் பெயர் (அவர் சம்மதித்தால்), இவற்றைப் பென்சிலால் தமிழில் எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் முன் புள்ளக்காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) கோயில் மண்டபத்திலோ ஒருநாள் வைத்து, வரைய உதவியவர்களுக்கு முதலில் காட்டுங்கள். அவர்கள் “இது இப்படி இல்ல புள்ள” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களையும் ஒப்படையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.